மூன்றாம் ஓலைக்கு ஒரு ஞாயிறு

தோல் வியாபாரத்தில் நாற்றம் பழகிவிடும், நஷ்டம் பழகிவிடும், பொய்கூடப் பழகிவிடும். கூட்டாளி மட்டும் பழகவே மாட்டார். என் மகள் கலியாணம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார். பெயரை எழுத மாட்டேன். ஆம்பூரில் எங்கள் தோல் மண்டிக்குப் பத்திரிகை வந்ததும் முதலில் பிரித்துப் படிப்பவர் அவர்தான். இந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, யாரைச் சொல்கிறான் என்று சுற்றும் முற்றும் பார்ப்பார். உம்மைத்தான் ஐயா.

வீட்டுக்கும் பிழைப்புக்கும் நடுவில் நசுங்குகிற என் சக பாவிகளே, நீங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பு சுண்ணாம்புத் தொட்டியில். இதில் எழுத்துப் பிழையை என் மனைவி எஸ்தர் திருத்தியிருக்கிறாள். கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு லீவுக்கு நடுவில்

பதினாலு வயதில் தொட்டியில் இறங்கித் தோல் இழுத்தேன். கால் விரலெல்லாம் வெந்து, நகம் இரண்டு முறை போய் வந்தது. பிறகு தோலைத் தடவிப் பார்த்தே கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த இடம், மாடு எந்த ஊர்த் தண்ணீர் குடித்தது வரைக்கும் சொல்லக் கற்றுக்கொண்டேன். அதை வைத்துத் தரகன் ஆனேன். கிராமத்திலிருந்து வண்டியில் வருகிற பச்சைத் தோலைப் பதனிடும் கிடங்குக்காரருக்கு முடித்துக் கொடுப்பது ஒரு வேலை. கிடங்கில் பதனிட்ட தோலை மதராஸ் பெரியமேட்டுக் கம்பெனிகளுக்கு முடித்துக் கொடுப்பது இன்னொரு வேலை.

இதில் ஒரு சிக்கல். கிடங்குகள் பெரும்பாலும் சாயபுமாருடையவை, வெள்ளிக்கிழமை மூடுவார்கள். மதராஸ் கம்பெனிகள் வெள்ளைக்காரன் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை மூடும். வெள்ளிக்கிழமை ஆம்பூர் ஓய்வெடுக்கும், மதராஸிலிருந்து தந்தி மேல் தந்தி வரும். ஞாயிற்றுக்கிழமை மதராஸ் ஓய்வெடுக்கும், ஆம்பூரில் வண்டி வரிசை நிற்கும். நடுவில் இருக்கிற தரகனுக்கு எந்த நாள்?

மேல்விஷாரத்திலிருந்து வந்து ஆம்பூரில் கிடங்கு வைத்த பெரிய சாயபு என்னைத் தரகனாக ஏற்றுக்கொண்ட அன்று இதைக் கேட்டார். "வெள்ளியா ஞாயிறா, எது வோணுமோ எடுத்துக்கோ." எனக்கு இருபத்தைந்து வயது, கலியாணம் ஆகி இரண்டு மாதம். நான் பெரிய சாமர்த்தியசாலி அல்லவா? "ரெண்டு நாளும் வர்றேன் சாயபு. தரகை மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். நான் பேரத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னார், "அல்லா ஒரு நாள் குடுத்தான், உங்க ஆண்டவர் ஒரு நாள் குடுத்தாரு. ரெண்டையும் ஒரே மூச்சுல வித்துட்டியே பாபா."

துண்டுக்கடியில்

எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. ஒரு வருஷம் பொறுத்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழமை கோயிலுக்குக்கூட தனியா போறதுக்கா கட்டிக்கினு வந்தீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கூட்டாளி ஒருவரைச் சேர்த்தேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். இந்துக் குடும்பம். அவருக்கு வாரத்தில் இன்ன நாள் என்று கட்டாயம் இல்லை. அவர் ஞாயிறு மண்டியில் உட்கார வேண்டும், அவருடைய பண்டிகைகளுக்கு நான் உட்கார வேண்டும். எவ்வளவு லாபமான பேரம் என்று பாருங்கள்.

எங்கள் வழக்கப்படி துண்டைப் போட்டுக் கையை மூடிப் பேசினோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டோம், பக்கத்தில் நிற்பவன் கெடுத்துவிடுவான். இரண்டு பேர் கைக்கும் மேல் ஒரு துண்டு, உள்ளே விரல் பேசும். விரலை உதறினால் பேச்சு முறிந்தது. உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது. அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவனோடு இந்த ஜில்லாவில் யாரும் தோல் தொட மாட்டார்கள். அவர் கேட்டது: பொங்கல், தீபாவளி, மயானக் கொள்ளை, ஆடிக் கிருத்திகை, வீட்டு விசேஷம். நான் உதறினேன். ஆடிக் கிருத்திகையை விடச் சொல்லி மல்லுக்கு நின்றேன். கடைசியில் விட்டுக்கொடுத்தார். நான் உள்ளங்கையை அழுத்தினேன். அன்று சாயங்காலம் வரைக்கும் மீசையை முறுக்கிக்கொண்டே திரிந்தேன்.

முதல் ஞாயிறு அவருடைய தங்கைக்கு நிச்சயதார்த்தம். இரண்டாவது ஞாயிறு இன்னொரு தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலாவது ஞாயிறு மூன்றாவது ஒருத்திக்குக் காது குத்து. "உனக்கு எத்தினி தங்கச்சிய்யா?" என்றேன். ஏழு என்றார். ஏழு பேருக்கும் நிச்சயம், கலியாணம், சீமந்தம், பிள்ளைப்பேறு, அந்தப் பிள்ளைகளுக்கு மொட்டை, காது குத்து. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார், "தோலு வாங்குறவன்தானேண்ணா புரட்டிப் பாத்து வாங்கணும்?"

பெயர் வைத்த நாள்

ஜெர்மன் யுத்தம் ஆரம்பித்து, பட்டாளத்து பூட்ஸுக்கு எவ்வளவு தோல் இருந்தாலும் போதாது என்றிருந்த காலத்தில் என் மகள் பிறந்தாள். ஞானஸ்நானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தைக்கு என் அம்மா பெயரான சின்னம்மாள் என்று வைப்பதாக முடிவு. எஸ்தருக்கு அதில் மனசில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டாள். கூட்டாளி மண்டிக்கு வருவதாகச் சத்தியம் செய்திருந்தார். மூத்த தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. முதல் நாள் மழையில் நனைந்த தோல் பதினொரு வண்டி வந்து நிற்கிறது. பச்சைத் தோல் காத்திருக்காது. உடனே உப்புத் தடவி அடுக்காவிட்டால் மத்தியானத்துக்குள் மயிர் கழன்றுவிடும், அப்புறம் அது தோல் இல்லை, குப்பை.

உப்புக் கையோடு ஓடினேன். கோயில் வாசலில் எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எஸ்தர் குழந்தையை என்னிடம் நீட்டி, "கிருபை" என்றாள். பெயரைக் கேட்டபோது அப்பா பக்கத்தில் இல்லை, அம்மா வாயில் வந்த பெயர் விழுந்துவிட்டது. நான் நேரே உபதேசியாரிடம் போனேன். பதிவைத் திறவுங்கள், தண்ணீர் இன்னும் காயவில்லை, பெயரை மாற்றுங்கள் என்றேன். வேண்டுமானால் இரண்டு பெயரும் போடுங்கள் என்று இறங்கி வந்தேன். அவர் புஸ்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது மண்டி இல்ல தேவசகாயம், எடுத்தத திருப்பிக் குடுக்க. புள்ளைய வாங்கு, அழுவுது பாரு" என்றார்.

எந்த வகுப்பு

ஞாயிறுதான் கிடைக்கவில்லை, ஒரு வெள்ளிக்கிழமையாவது குடும்பத்தோடு இருப்போம் என்று ஒரு தடவை வைராக்கியமாக வீட்டில் இருந்துவிட்டேன். தந்திச் சேவகன் வந்தால் நான் வேலூர் போயிருக்கிறேன் என்று சொல்ல ஆள் வைத்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. எஸ்தர் பள்ளிக்கூடத்தில், கிருபை அதே பள்ளிக்கூடத்தில். நானும் ஒரு பூனையும். பத்து மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன்.

எஸ்தர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நான் நின்றதும் பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டன. துவைத்த சட்டைதான், ஆனால் எங்கள் வாசனை சட்டையில் இல்லை. எஸ்தர் திரும்பிப் பார்த்து, டீச்சர் குரலில், "யாரைப் பாக்கணும்?" என்றாள். என் பெண்டாட்டி என்னைக் கேட்கிறாள். தலைமை ஆசிரியை அம்மாள் வந்து, எந்தப் பிள்ளையின் தகப்பனார் என்று விசாரித்தார். "கிருபை. ரெண்டாங் கிளாசு" என்றேன் கம்பீரமாக. ரெண்டாம் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளையை எங்கே தொலைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். பக்கத்து அறையிலிருந்து நாலாம் வகுப்பு எட்டிப் பார்த்தது. அதில் நடு வரிசையில் என் மகள், தலையைக் குனிந்துகொண்டு. தலைமை ஆசிரியை குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ரெண்டு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க. பரவாயில்ல, உக்காருங்க, கூப்பிடுறேன்."

மூன்று வாரம், பத்து நாள்

கிருபைக்குப் பன்னிரண்டு வயதில் எஸ்தருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் விடவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளைக்கார டாக்டரம்மா நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசினார். "மூன்று வாரம் படுக்கையில் இருக்க வேண்டும்" என்றார்.

இதைப் படிக்கிற தொழில்காரர்களில் யாராவது என்னைப் போலச் செய்திருப்பீர்களா, தெரியாது. "ஒரு வாரம்" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். அவர் யோசிக்கிறார் என்று நினைத்து, "சரிம்மா, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பத்து நாளா முடிச்சிக்கலாம்" என்றேன். என் வலது கை தானாகவே தோளில் இருந்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த எஸ்தர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அந்த மூன்று வாரமும் அம்மாவோடு இருந்தது கிருபைதான். நான் போனது நாலு தரம், நாலும் வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிறும் இல்லை. நர்ஸ் படிக்க வேண்டும் என்று அவள் அங்கேதான் முடிவு செய்தாளாம். எனக்கு அவள் படிக்கச் சேர்ந்த பிறகுதான் தெரியும். டாக்டரம்மா அன்று கோபப்படவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. "எனக்குச் சம்மதம். உம்முடைய மனைவியின் நுரையீரல் பத்து நாளுக்குச் சம்மதிக்குமா என்று மட்டும் கேட்டு வாரும்" என்றார்.

கோயில் வாசலில்

எஸ்தர் பிழைத்து வந்ததற்கு நன்றி சொல்ல ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போனேன். கூட்டாளியை அவருடைய அம்மா முன்னால் நிற்க வைத்து வாக்கு வாங்கியதால் அன்று ஒழுங்காக மண்டிக்கு வந்தார். ஆராதனை முடிந்து, வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்த அப்போதைய போதகர், வயசானவர், எனக்கும் கையை நீட்டினார். பத்து வருஷத்தில் எனக்கு ஒருவர் கை நீட்டியது எல்லாம் மண்டியில்தான். துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடி, அவருடைய நடு விரலையும் மோதிர விரலையும் பிடித்து அழுத்திவிட்டேன். அவர் பயந்துபோய்க் கையை உருவினார். எங்கள் வழக்கத்தில் அது பேச்சு முறிந்தது என்று அர்த்தம்; நான் விடாமல் திரும்பப் பிடித்தேன். பின்னால் நின்ற சபை மூப்பர், அவரும் ஒரு காலத்தில் தோல் இழுத்தவர், காதோடு கேட்டார், "இன்னா தேவசகாயம், பரலோகத்துக்கு இன்னா வெல சொல்றாரு?"

மாலை வாங்கி வந்தவர்

இனி உண்மையான சமாசாரத்துக்கு வருகிறேன். போன மாதம் கிருபைக்கு வாலாஜாபேட்டையில் ஒரு கம்பவுண்டர் பையனோடு கலியாணம் முடிவாயிற்று. எங்கள் சபை வழக்கப்படி கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பெண் பெயர், பிள்ளை பெயர், அவரவர் தகப்பனார் பெயர் எல்லாம் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். மூன்றாம் ஓலை முடிந்தால்தான் கலியாணம். முதல் ஓலை வாசித்த அன்று எஸ்தரும் கிருபையும் துணி எடுக்க வேலூரில். நான் எங்கே என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இரண்டாம் ஓலை அன்று எஸ்தர் கோயிலில் இருந்தாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து யாக்கோபு வந்தார். பதினைந்து வருஷமாக எனக்கு மட்டுமே தோல் போடுகிற வியாபாரி. வண்டி இல்லை, தோல் இல்லை, கையில் வாழை இலையில் சுற்றிய ஒரு மாலை. மண்டி வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்தோம். "தோல் எங்கேய்யா?" என்றேன், அதுதான் முதலில் வாயில் வந்தது. அவர் என் காலைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "நேத்து கோயில்ல, காலஞ்சென்ற தேவசகாயம் குமாரத்தி கிருபைன்னு ரெண்டாவது வாட்டியும் படிச்சாங்களாம். நீங்கதான் பூட்டீங்களேன்னு தோலை அந்தாண்ட மண்டில எறக்கிட்டேன்."

ஆட்சேபம் உண்டா

நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். புதியவர், சின்ன வயசு, வந்து எட்டு மாதம். கதவைத் தட்டவில்லை, குத்தினேன். விசாரித்ததில் அவர்மேல் அதிகக் குற்றம் இல்லை என்று தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியாயிற்று. எங்கள் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் கோயிலுக்கு வெள்ளைப் புடவைதான் கட்டுவார்கள். எட்டு மாதமாக ஒரு அம்மாள் வெள்ளைப் புடவையில் தனியாக வந்து, தனியாக முழங்கால் போட்டு, தனியாகப் போகிறாள். புருஷன் என்று ஒருவரைக் கண்ணால் பார்த்ததில்லை. விதவை என்று நினைத்து, கேட்டால் மனசு புண்படும் என்று கேட்காமல், மரியாதைக்குத் தானே ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார். முதல் ஓலையில் சபையில் பாதிப் பேர் சிரித்தார்களாம், எழுந்து திருத்தியவர் ஒருவரும் இல்லை. மீதிப் பேர், "அப்படியா, எப்போ?" என்று பக்கத்தில் விசாரித்தார்களாம்.

போதகர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு ஓலையில் செத்தவரை மூன்றாம் ஓலையில் சும்மா உயிர்ப்பிக்க முடியாது, ஆள் வந்து பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும், சபை பார்க்க வேண்டும், அதுவரைக்கும் மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கிறேன் என்றார். வேறொரு நாள், ஒரு புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வந்து நிற்கிறேனே என்று பேசிப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூப்பர் சொல்லி வைத்திருக்கிறார் போல.

வீட்டுக்கு வந்து எஸ்தர்மேல் பாய்ந்தேன். புருஷன் செத்தான் என்று வாசிக்கிறார்கள், ஆட்சேபம் உண்டா என்றும் கேட்கிறார்கள், நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்? அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எழுந்துக்கத்தான் பாத்தேன். எழுந்து, அவர் உயிரோட கீறாருன்னு சொன்னா, எங்கன்னு கேப்பாங்க. எதைக் கை காட்டுறது?" என்றாள். தொட்டியில் கால் வெந்தபோதுகூட நான் அப்படி நின்றதில்லை. பிறகு சிவப்பு மசியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள், "மூணாவது ஓலைக்கு நீங்க வந்து நின்னா உங்க கையால புள்ளையக் குடுப்போம். இல்லன்னா எங்க அண்ணன் வந்து குடுக்கட்டும். மாப்ள வூட்டுல எவ்ளோ நாளு காத்திருப்பாங்க?"

ரயில்வே கேட்

அதற்கு அடுத்த ஞாயிறு கூட்டாளி வரவில்லை. ஐந்தாவது தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கடைசித் தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் கறி விருந்துக்குக் கூப்பிட்டார்களாம். மூன்றாவது ஞாயிறு நான் வருவதாக இல்லை என்று மண்டி எடைக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, சலவை வேட்டி கட்டி, எட்டு மணிக்கே புறப்பட்டேன். எட்டரைக்கு ஆராதனை. கோயிலுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு வண்டித் தோல். என் மண்டிக்கு வரவேண்டிய வண்டிகள், என்னை அங்கே பார்த்ததும் மேல் தோலை விரித்தார்கள். நான் தொடுவதாக இல்லை. சும்மா ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல தோல், கத்தி படாத முதுகு. துண்டு எப்போது தோளிலிருந்து கைக்கு வந்தது என்று தெரியாது.

ஆறு வண்டியும் முடித்தேன். நல்ல விலைக்கு முடித்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நிமிர்ந்தபோது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பாட்டுப் புஸ்தகத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைப் புடவை ஒன்று என்னைப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. என் வேட்டியில் உப்பும் ரத்தமும். இன்னும் ரயில் போகவில்லையா, கேட்டை ஏன் திறக்கவில்லை என்று கேட்காரர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "ரயிலு போயி ஒரு மணி நேரம் ஆச்சு சாமி. தொறந்த கேட்டாண்டதான் நின்னுக்கினு கீறீங்க" என்றார்.

கிருபை கேட்டது

இது என் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டாளி ஐயா, நீர் மண்டியில் உட்கார்ந்திருந்தால், வண்டிக்காரர்கள் உம்மிடம் போயிருப்பார்கள், என்னைக் கேட்டில் பிடித்திருக்க மாட்டார்கள். சும்மா சாத்திவிட்டுப் போகக்கூடாதா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். அன்று சாத்தாமல் எடைக்காரனிடம் விட்டுப் போனதிலேயே இரண்டு வண்டித் தோல் உப்பில்லாமல் வெந்து கெட்டது. அந்த நஷ்டத்தில் பாதி உம்முடையது. நீர் அதற்கு ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அதிலிருந்தே உமக்கும் மனசு உறுத்துகிறது என்று தெரிகிறது.

நேற்று கிருபை வேலூரிலிருந்து அரை நாள் லீவு வாங்கி, நர்ஸ் வெள்ளை உடுப்போடு மண்டிக்கே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மண்டிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மூக்கைப் பொத்தவில்லை. ஆஸ்பத்திரியில் இதைவிட நாற்றம் உண்டு என்றாள். நீர் அப்போது இல்லை, ஆறாவது தங்கை வீட்டில் இருந்தீர், அதனால் அவள் கேட்டது உமக்குத் தெரியாது. சாயபு உட்கார்ந்திருந்தார், எடைக்காரன் இருந்தான். எல்லார் முன்னிலையிலும் அவள் என்னை அடிக்கவில்லை, அழவில்லை. ஒரு நோயாளிக்கு மருந்து சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள், "அப்பா, உங்க பேரை எடுத்துட்டு, எஸ்தர் டீச்சர் பொண்ணுன்னு மட்டும் வாசிச்சா கலியாணம் செல்லுமான்னு போதகர்கிட்ட கேட்டேன். செல்லும்ன்றாரு. உங்களைக் கேக்காம செய்ய வாணாம்னுதான் வந்தேன்."

சாயபு எழுந்து வெளியே போய்விட்டார். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எத்தனை பேர் எத்தனை விலை குறைத்திருக்கிறார்கள் என்னிடம், இப்படி ஒரு விலையை ஒருவரும் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு பொறு என்றேன். ஒன்று என்றால் ஒன்றுதான் என்றாள். கையை நீட்டினேன். துண்டு போடவில்லை. அவள் என் உள்ளங்கையை அழுத்திவிட்டுப் போனாள்.

ஆகையால் ஐயா, உம் ஏழு தங்கைகளும் தீர்க்காயுசாக இருக்கட்டும், வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீர் மண்டியில் வந்து உட்காரும், நான் போய் உயிரோடு இருக்கிறேன் என்று எழுந்து நின்று காட்டிவிட்டுப் பத்தரைக்குள் திரும்பி வந்துவிடுகிறேன்.